ஆமா தம்பி

உயிர் போன அத்தாவின் வலது தோளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் சந்துக்குள் ஹாரன் சத்தம் கேட்டது. நசீரின் கை சொம்போடு நின்றுவிட்டது. மய்யித்தைக் குளிப்பாட்ட வந்திருந்த பெரியவர், "ஊத்துங்க தம்பி, ஆறிடப் போவுது" என்றார். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர். சூடு ஒரு துளி கூடினாலும் வீட்டையே இரண்டாக்கிவிடும் அத்தா, இன்று அதிகாலையிலிருந்து யார் என்ன செய்தாலும் பேசாமல் கிடந்தார்.

மறைப்புக்குக் கட்டியிருந்த போர்வைக்கு அந்தப் பக்கம் தங்கை பர்சானாவின் புருஷன் ஜாவித்தின் குரல் கேட்டது.

"மச்சான், உங்க போட்டு வந்திருக்கு."

"எந்தப் போட்டு?"

"பரங்கிப்பேட்டையில எங்க வூட்டுக்கிட்ட எறக்குறதா இருந்துச்சே, அதுதான். கடலூர்லேர்ந்து ஓனரே கொண்டாந்திருக்காரு. நம்ம வாசல்ல நிக்கிது."

நசீர் சொம்பைக் கீழே வைத்தான். மிச்சத் தண்ணீரைப் பெரியவர்தான் ஊற்றினார்.

ஷார்ஜாவில் உதிரிபாகக் கடையில் நின்றே கால் நரம்பு சுருட்டிக்கொண்டவன் நசீர். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் கடலோரம் போய் உட்கார்ந்து, யார் யாரோ குடும்பத்தோடு படகில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். என்றைக்காவது நமக்கும் ஒன்று என்ற நினைப்பு அங்கே பிடித்தது. ஊரோடு வந்து சேர்ந்ததும் அதுதான் முதல் வேலை. லெப்பைக்குடிக்காட்டு வெள்ளாற்றில் கணுக்கால் நனையத் தண்ணீர் கிடையாது என்பதால், அதே ஆறு கடலில் கலக்கிற பரங்கிப்பேட்டையில் மச்சான் ஜாவித் வீட்டுப் பக்கம் நிறுத்தி வைப்பதாக ஏற்பாடு. கொச்சியில் ஒருவரிடம் விலை கேட்டு, அதைச் சென்னைக்காரரிடம் சொல்லிக் குறைத்து, சென்னைக்காரர் சொன்னதை இன்னும் கொஞ்சம் குறைத்து கடலூர் போட்டு வியாபாரி நல்லுசாமியிடம் சொன்னான். நல்லுசாமி மேற்கூரை சும்மா தருவதாகச் சொன்னார். லைஃப் ஜாக்கெட்டும் நங்கூரமும் சேர்த்துக்கொண்டார். இஞ்சின் விலையில் மட்டும் கல்லாக நின்றார்.

"அடக்க வெலைக்கே வந்துட்டேங்க. இதுக்கு மேல எறங்குனா நான் கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான்."

முந்தாநாள் சாயங்காலம் அது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிய அத்தா, கட்டிலில் கிடந்தார். அம்மா சாகிரா உள்ளே மஃரிப் தொழுதுகொண்டிருந்தாள். நசீர் அத்தாவின் கால்மாட்டில் உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருந்தான். எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ, அவனுக்கே தெரியாது.

"சார், உங்கள்ட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். போட்டு எனக்கில்ல. எங்க அத்தாவுக்கு. கண்ண மூடறதுக்குள்ள சொந்தமா ஒரு போட்ட பாத்துடணும்னு ஆசப்படறாங்க. நம்பலன்னா நீங்களே கேளுங்க."

வீடியோவைப் போட்டு, போனை அத்தாவின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

சைபுல்லா ஜெயங்கொண்டத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். ஒரே விலை. அவர் கடைக்குப் பேரம் பேச வந்தவர்கள், வெயிலுக்குக் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். சாயம் போகுமா என்று கேட்டால், போகிற சேலைக்குப் போகும் என்பார். அதனாலேயே கடை பெரிதாக வளரவில்லை என்று நசீர் வெகுநாள் குறைப்பட்டிருக்கிறான்.

"அய்யா, போட்டு வேணும்னீங்களா?" என்று போனுக்குள்ளிருந்து நல்லுசாமி கேட்டார்.

அத்தா போனைப் பார்க்கவில்லை. போனைப் பிடித்திருந்த மகனைப் பார்த்தார். நசீர் கெஞ்சுவதுபோல் தலையை ஆட்டினான். இரண்டு நாளாகத் தண்ணீர் கேட்பதற்கு மட்டுமே திறந்த வாய், மெல்லத் திறந்தது.

"ஆமா தம்பி."

"நீங்க கேட்ட வெலைக்கே எடுத்துக்குங்க" என்றார் நல்லுசாமி. நசீர் போனை வைத்துவிட்டுத் தொடையில் தட்டிக்கொண்டான். திரும்பிப் பார்த்தபோது அத்தா முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்திருந்தார். அதற்கப்புறம் அவர் யாரிடமும் எதுவும் பேசவில்லை.

குளிப்பாட்டி முடித்துக் கஃபன் துணி சுற்றியபின், நசீர் ஈரக் கைலியோடு வாசலுக்கு வந்தான். பந்தலை ஒட்டி, லாரி இழுத்து வந்த டிரெய்லரில் நின்றது படகு. வெள்ளை உடம்பு, நீலக் கூரை, ஆறு இருக்கை. பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் 'சைபுல்லா' என்று எழுதியிருந்தது.

நல்லுசாமி செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வழுக்கைத் தலையில் வியர்வை வழிந்தது.

"நேத்தே கெளம்பியிருப்பேங்க. அய்யா பேர எழுதிட்டுக் கொண்டாரலாம்னு ஒரு நாளு நின்னுட்டேன். சொல்லாம கொண்டாந்து காட்டுவோம்னு நெனச்சேன். கண்ணால பாக்காமப் போயிட்டாரே."

மவுத்துக்கு வந்திருந்தவர்களுக்கு விஷயம் அதற்குள் பரவியிருந்தது. ஆளாளுக்குப் படகைத் தொட்டுப் பார்த்தார்கள். கடைசி ஆசையாம் என்றார்கள். "புள்ளைன்னா இப்படில்ல இருக்கணும்" என்று ஒருவர் நசீரின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அந்த இடத்திலேயே மண் பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

உள்ளே அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன்டா, இப்படி ஒரு ஆச இருந்துச்சா அவங்களுக்கு? இத்தன வருஷத்துல என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

அவன் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த நீலக் கூரையைப் பார்த்தான்.

"நா தொழுவப் போனப்ப நீதான கிட்ட இருந்தே. அதுக்கப்பறம் வாயே தொறக்கல மனுஷன். கடைசியா என்ன சொன்னாங்க? அல்லா பேரச் சொல்லி கலிமா சொன்னாங்களா?"

"சொன்னாங்கம்மா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று முகத்தை இரண்டு கையாலும் தடவிக்கொண்டாள். அவள் கை தன்னை விட்டதும் நசீர் கொல்லைக்கு ஓடிப்போய்க் குழாயைத் திறந்து, முகத்தைக் கழுவிக் கழுவி நின்றான்.

பள்ளிவாசலில் தொழுகைக்கு முன், தொழவைக்கும் ஹஜ்ரத் மைக்கை அவன் கையில் கொடுத்தார். மய்யித்தின் வாரிசு எழுந்து நின்று ஜமாஅத்திடம் கேட்க வேண்டும். எல்லாச் சாவிலும் கேட்டுக் காதுக்குப் பழகிய பேச்சுதான். அவன் மைக்கைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான்.

"எங்க அத்தா யாருக்காச்சும் எதாச்சும் தர வேண்டியிருந்தா என்கிட்ட கேளுங்க. பேச்சுல, நடத்தையில யாருக்காச்சும் தப்பு பண்ணியிருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சிட்டோம்" என்றது பள்ளிவாசல் முழுக்க ஒரே குரலாக. மன்னிக்க வேண்டிய ஒரே ஆளான நல்லுசாமி வெளியில் வேப்பமரத்தடியில், தன் செருப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டது தன்னிடமும் சேர்த்துத்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மண் மூடுவதற்குள் சொல்லியாக வேண்டும். மூடிவிட்டால் அந்தப் பொய் அத்தாவோடு போய்விடும். அத்தாவின் பொய் இல்லை அது.

அத்தாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு கபர்ஸ்தானுக்கு நடந்தார்கள். பத்தடிக்கு ஒருவர் தோள் மாற்றினார்கள். மாறி மாறி வந்ததில் நசீருக்கு முன்னால் வந்து தோள் கொடுத்தவர் நல்லுசாமி. அவருடைய பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே நசீர் நடந்தான். கபர்ஸ்தான் வாசல் தெரிந்தது.

"சார்."

"சொல்லுங்க."

"அத்தா போட்டு கேக்கல சார். அவங்களுக்கு அப்படி ஒரு ஆசையே கெடையாது. வெலைய கொறைக்க நான் சொன்னது. நான் தலைய ஆட்டவும் அவங்க ஆமான்னுட்டாங்க. எங்க அத்தாவ மன்னிச்சிடுங்க."

நல்லுசாமியின் நடை ஒரு எட்டு பிசகியது. பின்னால் வருகிறவர்கள் நிற்க முடியாது, அவரும் நிற்க முடியாது. மறுபடி நடந்தார்.

"அவரு மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார், திரும்பாமல்.

இன்னும் கொஞ்ச தூரம் போனபின், அவரே பேசினார்.

"நீங்க சொன்னப்ப நான் நம்பலீங்க. எங்க யாவாரத்துல எத்தனையோ பாத்துட்டேன். பொண்டாட்டிக்கு ஆபரேசன்னு சொல்லிக் கொறைப்பாங்க. அந்தப் பெரியவரு மொகத்தப் பாத்துதான் நம்புனேன்."

ஒருவர் வந்து தோளை மாற்றிக்கொள்ளக் கேட்டார். நல்லுசாமி வேண்டாமென்று தலையசைத்துவிட்டார். வாசல்வரை அவரே சுமந்தார். எல்லோரோடும் சேர்ந்து மூன்று பிடி மண்ணும் போட்டார்.

திரும்பி வந்தபோது பந்தலில் பாதி நாற்காலி காலியாக இருந்தது. நல்லுசாமி லாரிக்குப் போய் டிரைவரை எழுப்பினார்.

"பரங்கிப்பேட்டையிலயே கொண்டுபோய் எறக்கிடறேன்."

"பழைய வெலையவே போட்டுக்குங்க சார்" என்றான் நசீர். "நீங்க கொறைச்சது எனக்கு வேணாம்."

"அது ஒங்களுக்குக் கொறைச்சது இல்லீங்களே" என்றார் அவர். குரலில் கோபம்கூட இல்லை. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

சந்தில் வண்டி திருப்ப இடமில்லை. பின்னாலேயேதான் போக வேண்டும். டிரைவர் தலையை வெளியே நீட்டி, யாராவது பின்னால் நின்று பார்க்கும்படி கத்தினார். யாரும் எழுந்திருக்கவில்லை. நசீர் போய் நின்றான். படகின் பக்கவாட்டில் கையை வைத்துத் தட்டினான்.

"வரட்டும்."

படகு மெதுவாக அவனை நோக்கி வந்தது. அவன் ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தான். கையை எடுத்த இடத்தில், வெள்ளையில், கபர் மண் ஐந்து விரலாகப் பதிந்திருந்தது. ஜன்னலில் அம்மா நின்றாள். எழுதியிருந்த பேர் அவளைக் கடக்கும்வரை, கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"வரட்டும்... வரட்டும்..." என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். டிரைவர் அந்தக் குரலை நம்பித்தான் வண்டியை விட்டுக்கொண்டிருந்தார்.