பொலிஸுக்குப் போய்வந்த கொம்பைலர்

கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலையில் ஒரு வீட்டுக்குப் பொலிஸ் வந்தால் அந்த வீட்டுக்காரருக்குத் தெரிவதற்கு முன்னரே ஒழுங்கைக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கும் ஜீப் வளைவில் திரும்பும்போதே ஜன்னல் சீலைகள் விலகத் தொடங்கிவிட்டன. எந்த வீட்டுக்கு என்பதில் மட்டும் கொஞ்சம் ஐமிச்சம் இருந்தது. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, யுத்தம் திரும்பவும் மூண்டிருந்த காலம். ஒழுங்கையில் தமிழர் இருந்ததோ ஒரேயொரு வளவில். ஆகவே அந்த ஐமிச்சமும் ஜீப் நிற்குமுன் தீர்ந்துவிட்டது.

வளவு பரமநாதனுடையது. கல்விக் கந்தோரில் இருந்து இளைப்பாறியவர். எண்பத்திமூன்று இனக்கலவரத்தில் அயல் வீட்டு அறையொன்றுக்குள் ஒளித்திருந்து உயிர் தப்பியதில் இருந்து, யாரோடும் பகைக்காமல் சீவிப்பது எப்படி என்ற பாடத்தில் அவர் பட்டம் வாங்காத கலாநிதி. வளவின் பின்பக்க அனெக்ஸில் குடியிருந்தவள் சத்தியபாமா. கண்டி நகரத்துத் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் கணினி படிப்பிப்பவள். வயது முப்பத்தெட்டு, கலியாணம் ஆகவில்லை. ஒழுங்கை இந்தக் கடைசி விஷயத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதுகளுக்கு வரும்.

அனெக்ஸுக்குள் நுழைந்த பொலிஸார் கண்டது ஒரு கணினி. பக்கத் தகடு கழற்றி, வெக்கைக்கு மேசைக் காற்றாடி ஒன்றை அதன் வயிற்றுக்கு நேரே பிடித்து வைத்திருந்தது. கறுத்தத் திரையில் வெள்ளை எழுத்துக்கள் மளமளவென்று மேலே ஓடிக்கொண்டிருந்தன. விசைப்பலகையில் ஒருத்தர் கையும் இல்லை. இன்ஸ்பெக்டர் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இதை யார் எழுதுவது என்று சிங்களத்தில் கேட்டார். இயந்திரந்தான் என்றாள் சத்தியபாமா. என்ன எழுதுகிறது என்றார். தன்னைத்தானே எழுதுகிறது என்றாள். அதைவிட உண்மையான பதில் அந்தக் கேள்விக்குக் கிடையாது. அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெண் ஓர் இன்ஸ்பெக்டருக்குச் சொல்லக்கூடாத பதிலும் அதுதான்.

வயரைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

போகுமுன் வாசலில் பரமநாதனை விசாரித்தார்கள். அவருடைய சிங்களம் பொலிஸ்காரரே நிமிர்ந்து நிற்கும்படியான சிங்களம். அந்த அழகான சிங்களத்தில் அவர், அனெக்ஸைப் பத்திரிகை விளம்பரம் போட்டு வாடகைக்குக் கொடுத்ததாகவும், இந்தப் பெண்ணின் பூர்வீகம் தமக்குத் தெரியாதென்றும் சொன்னார். சத்தியபாமா அவருக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் நின்றாள். அவளுடைய தகப்பனும் பரமநாதனும் யாழ்ப்பாணத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். பிள்ளையை எங்களிடம் அனுப்பு என்று தொலைபேசியில் சொன்னவரும் இவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மனைவி பத்மாதேவியின் புட்டை அவள் அந்த வீட்டுக் குசினியில் இருந்துதான் சாப்பிட்டாள். விளம்பரம் பார்த்து வந்தவர்களுக்குப் புட்டுப் போடும் வழக்கம் உலகத்தில் எங்கேயும் இருப்பதாகத் தெரியவில்லை.

அவள் அப்படி என்னதான் செய்துகொண்டிருந்தாள் என்றால், அது பெரிய கதை. உலகத்தின் மூலைகளில் இருக்கும் சிலர் சம்பளம் வாங்காமல் எழுதி, விரும்பியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைக்கிற இயங்குதளம் ஒன்று. ஹெரன் என்று பேர். அதற்குள்ளேயே கொம்பைலரும் கூட வரும். மனிதர் எழுதுகிற நிரலை இயந்திரம் ஓட்டக்கூடியதாக மாற்றித் தருவது அது. விசேஷம் என்னவென்றால், புதுக் கொம்பைலரைச் செய்வதற்கும் ஒரு கொம்பைலர் வேண்டும். பத்மாதேவிக்கு இதை விளங்கப்படுத்தியபோது சத்தியபாமா உறைமோரைச் சொன்னாள். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இல்லாமல் இன்றைய தயிர் இல்லை. உறை கெட்டால் பிறகு வருகிற சட்டியெல்லாம் கெட்டது. கடையில்தான் தயிர் சட்டியோடு வருகிறதே, பிறகேன் இந்தப் பாடு என்று பத்மாதேவி கேட்டாள்.

ஹெரனோடு வந்துகொண்டிருந்த கொம்பைலர் எட்டு வருடப் பழசு. புது இயந்திரங்களை அதற்கு அடையாளம் தெரியாது. மாற்ற ஒருவருக்கும் மனமில்லை. கை வைத்தால் ஆயிரம் நிரல் உடையும் என்ற பயம். டென்மார்க்கில் இருந்த ஹென்றிக் என்பவருடைய கணினியில்தான் ஹெரனின் வெளியீடுகள் எல்லாம் காலங்காலமாகத் தயாராகின. வேண்டுமென்றால் நீங்களே மாற்றுங்கள் என்று அவர் சத்தியபாமாவுக்கு எழுதினார், மாற்றமாட்டாள் என்ற துணிவில். அவள் மாற்றினாள். ஒரு வருடத்துக்கு மேல் அதிலேயே கிடந்து, புதுக் கொம்பைலரில் உடைந்த நிரல்களை ஒவ்வொன்றாகத் திருத்தினாள். உடைந்தவற்றில் முக்கால்வாசி மற்றவர்கள் எழுதிய பிழைகள்; பழசு கண்டும் காணாமல் விட்டவை. கடைசியில் எல்லோரும் எடுத்துத் தொடங்குவதற்கான உறையைத் தன் கணினியில் செய்து, தன்னுடைய இரகசியத் திறப்பால், அதாவது இது அவள் செய்ததுதான் என்று காட்டும் இலக்கச் சாவியால், ஒப்பமிட்டு, திட்டத்தின் பொது இடத்தில் ஏற்றினாள். மாத முடிவுக்குள் குறை ஒன்றும் வராவிட்டால் புதுசு ஏறும். வந்தால் பழசே தொடரும், அவளுடைய உழைப்பு குப்பைக்குப் போகும். பொலிஸ் வந்தது உறையை ஏற்றியதற்கு அடுத்த நாள்.

நாலு நாள் கழித்து, கணினியை வந்து எடுத்துக்கொண்டு போகும்படி பொலிஸில் இருந்து சொன்னார்கள். திகனைப் பக்கத்து நளீர் தன்னுடைய ஆட்டோவில் கூட்டிப் போனார். நிலையத்தில் ஒரு இளம் கான்ஸ்டபிள் கணினியைத் துடைத்து, புதுப்பெண் மாதிரி மேசையில் வைத்திருந்தான். அவன்தான் அங்கே கணினி நிபுணன். அவன் முகமெல்லாம் சந்தோஷம். மிஸ்ஸின் மெஷினில் விண்டோஸே இருக்கவில்லை, கறுப்புத் திரை மட்டும் வந்தது, யாரோ பழுதாக்கியிருக்கிறார்கள் என்று அவன் சிங்களத்தில் அனுதாபத்தோடு சொன்னான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு நல்ல விண்டோஸ் ஒன்றைப் போட்டிருக்கிறானாம். சீடி அவனுடைய சொந்த சீடியாம். பஸ் நிலையத்தடியில் விற்கிற களவு சீடி என்பது அதன் கவரைப் பார்த்தாலே தெரிந்தது. சீட்டு விளையாட்டும் சில படப் பாட்டுக்களும்கூடப் போட்டு வைத்திருந்தான்.

சட்டப்படி எவரும் எடுக்கக்கூடிய பொருளைச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போய், களவுச் சாமானைப் போட்டுத் திருப்பித் தருகிற பொலிஸ். அவள் வாயைத் திறந்தாள். வந்தது "ஸ்தூதியி" என்ற சொல். நன்றி சொல்லிவிட்டாள். ஆட்டோவில் வரும்போது அவளுக்கு ஆத்திரமெல்லாம் அந்த ஒரு சொல்லில்தான். நளீர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "விடுங்க மிஸ், மெஷினாவது வந்திச்சே. எங்கட ஆள் ஒருத்தர்ட வேன் இன்னும் அங்கதான் நிக்குது" என்றார்.

செய்த வேலை அழியவில்லை. அன்றன்றைக்குத் திட்டத்துக்கு அனுப்பியிருந்தாள். எல்லாம் அங்கே பத்திரமாக இருந்தது. சிக்கல் வேறு. அவளுடைய இரகசியத் திறப்பும் அந்தக் கணினிக்குள்தான் இருந்தது. நாலு நாள் அது பொலிஸின் கையில். அந்தத் திறப்பை வைத்து யாராவது உறைக்குள் விஷம் வைத்து மாற்றி ஏற்றியிருக்கலாம். சீட்டு விளையாட்டுப் போட்ட பிள்ளையா அதைச் செய்யும் என்று சிரிக்கலாம். ஆனால் ஹெரனில் விதி ஒன்று இருந்தது: கணினி பிறர் கைக்குப் போனால் உடனே சொல்ல வேண்டும், சொன்னால் திறப்பை நிறுத்தி, அந்த ஆளிடம் இருந்து வந்ததை ஒதுக்கி வைப்பார்கள். உண்மையைச் சொன்னால் கொம்பைலர் போச்சு. சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

பரமநாதன் வீட்டு மண்டபத்தில் இதைப் பற்றி ஆலோசனை நடந்தது. அவள் கேட்காத ஆலோசனைதான். பத்மாதேவி தேத்தண்ணி ஊற்றினாள். அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்றார்.

"நாலு நாள் கரண்ட் இல்லையெண்டு எழுதிவிடும் பிள்ளை. உள்ளதைச் சொல்லி நல்லாயிருந்த தமிழன் ஆரெண்டு எனக்கு ஒருத்தனைக் காட்டும் பாப்பம்."

"அண்டைக்கு நீங்கள் என்னைத் தெரியாதெண்டு சொன்னியள் அங்கிள்."

"அது பாதுகாப்புக்குச் சொன்னது."

"ஆருடைய பாதுகாப்புக்கு?"

பத்மாதேவி இடையில் புகுந்து பிஸ்கட் தட்டை நீட்டினாள். பரமநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிழையை ஒப்புக்கொள்ள வேண்டிய இடங்களில் அவருக்குக் கண்ணாடி அழுக்காவது வழக்கம். சத்தியபாமா பிஸ்கட் எடுக்காமல் எழும்பிப் போனாள். அது ஒழுங்கையில் ஒரு கிழமைக்குப் பேசப்பட்டது.

அடுத்த நாள் நிறுவனத்துக் கணினியில் இருந்து உள்ளதை உள்ளபடி எழுதினாள். பதில்கள் வந்தன. எல்லாம் நல்ல வார்த்தைகள். உங்களுக்கு நடந்ததற்கு வருந்துகிறோம், கவனமாக இருங்கள் என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எழுதினார்கள். அந்த நல்ல வார்த்தைகளை வாசித்து முடிக்கும் முன்பே திறப்பை நிறுத்திவிட்டார்கள். ஹென்றிக் மிகுந்த மரியாதையோடு எழுதினார்: சத்தியபாமாவில் சந்தேகம் இல்லை, ஆனால் யுத்தம் நடக்கும் நாடு ஒன்றில் பொலிஸ் கைப்பட்ட கொம்பைலரை ஆயிரக்கணக்கானவர்களுக்கு எப்படிக் கொடுப்பது, பழசுக்கே திரும்பிவிடுவோம்.

பின்னேரம் அவள் வீடு திரும்பிய பஸ் தென்னக்கும்புரைப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் நின்றது. எல்லோரையும் இறக்கி ஏற்றினார்கள். அடையாள அட்டையில் சிங்களத்தோடு தமிழும் இருந்த இரண்டு பேரை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். ஒருத்தி சத்தியபாமா. மற்றவள் ஹுன்னஸ்கிரிய தோட்டத்தில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்பும் ஒரு மனுசி. எங்கேயிருந்து வருகிறாய், ஏன், யாரைத் தெரியும். பஸ்ஸுக்குள் ஏறியிருந்த நாற்பது பேரும் தாமதத்துக்காக இவர்கள் இரண்டு பேரையும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்பது பேர் எங்கேயிருந்து வருகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சத்தியபாமாவுக்கு அந்த இடத்தில்தான் விஷயம் விளங்கியது. சோதிப்பது பிழையில்லை. அவள் படிப்பித்ததே சோதிக்கத்தான். இரண்டு பேரை நிறுத்திவிட்டு அதற்குச் சோதனை என்று பேர் வைப்பதுதான் பிழை.

அவள் திட்டத்துக்கு எழுதியது சுருக்கம். என்னை நம்ப வேண்டாம், மெத்தச் சரி. இப்போது நீங்கள் ஓட்டுகிற பழசு யாருடைய கையில் இருந்து வந்தது? அதை யார் சோதித்தது? மூல நிரல் எல்லோருக்கும் பொது. ஒவ்வொருவரும் தன்னிடம் உள்ள ஏதாவது ஒரு கொம்பைலரில் தொடங்கிப் புதுசைச் செய்யுங்கள். அதைக்கொண்டு அதையே திரும்பவும் செய்யுங்கள். எங்கே தொடங்கினாலும், உறை சுத்தமென்றால், முடிவில் எல்லோருக்கும் ஓரெழுத்தும் பிசகாமல் ஒன்றே வர வேண்டும். என்னுடையதோடு ஒப்பிடுங்கள். உங்களுடையதையும் வெளியில் வையுங்கள்.

இரண்டு நாள் கழித்து, புனேயில் இருந்து ரேவதி என்றொருத்தி செய்து பார்த்து, சத்தியபாமாவின் உறையோடு ஓரெழுத்தும் பிசகவில்லை என்று அறிவித்தாள். சிலியில் ஒருவருக்கும் அப்படியே. கனடா, போலந்து, பிறகு வரிசையாக. எல்லாம் ஒன்று.

ஹென்றிக்கினுடையது மட்டும் வேறு.

கிளறிப் பார்த்தால், பல வருடத்துக்கு முன் கொம்பைலர் சொல்லும் எச்சரிக்கை ஒன்று கரைச்சலாக இருக்கிறதென்று, அதன் வாயை அடைக்கத் தன் கணினியில் உள்ள மூல நிரலில் கை வைத்திருக்கிறார். ஒருவருக்கும் சொல்லவில்லை. மறந்தும் போனார். அந்தத் திருத்தம் அங்கே செய்த ஒவ்வொரு கொம்பைலரிலும், இந்தப் புதுசிலும், தானாகவே போய் ஒட்டிக்கொண்டது. அந்தக் கணினியில்தான் அத்தனை வருட வெளியீடுகளும் தயாராகின. சத்தியபாமா ஒரு வருடம் திருத்திய பிழைகளில் கொஞ்சம், அந்த எச்சரிக்கை வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கக் கூடியவை.

இதற்குத் திட்டத்தில் சிரிப்புக் குறிகள் போட்டார்கள். யாருக்கும் நடக்கக்கூடியதுதானே ஹென்றிக், பதினைந்து வருட உழைப்பாளி அல்லவா நீங்கள் என்று தட்டிக் கொடுத்தார்கள். திறப்பை நிறுத்துவது பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. பொலிஸ் பிடுங்கியதை மறைக்காமல் சொன்னவளின் திறப்பு, வாசித்து முடிக்கும் முன் நிறுத்தப்பட்டது. தானே கை வைத்துவிட்டுச் சொல்லாமல் இருந்தவரின் திறப்பு மேசையில் அப்படியே கிடந்தது.

மாத முடிவில் புதுக் கொம்பைலர் ஏறியது. ரேவதிதான் ஏற்றினாள், வேலை முழுவதும் சத்தியபாமாவுடையது என்று குறிப்பும் எழுதினாள். சத்தியபாமாவுக்குப் புதுத் திறப்புத் தருவதாகவும் செய்தி வந்தது. விதி எல்லோருக்கும் ஒன்று, ஹென்றிக்கின் திறப்பையும் நிறுத்தி, அவர் கை பட்டதைச் சோதிக்க விடும் வரை எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று அவள் திருப்பி எழுதினாள். பழிவாங்குகிறாள் என்றார்கள் சிலர். நன்றி கெட்டவள் என்றார்கள் சிலர்.

பத்மாதேவிக்கு இது பிடிபடவேயில்லை. "உம்மட சாமான்தான் ஏறியிட்டுதே. பேந்தும் ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கிறீர்?" என்று வேலியடியில் மறித்துக் கேட்டாள்.

"ஏறினது என்ர சாமான் அன்ரி. என்னை இன்னும் பாலத்தடியிலதான் நிப்பாட்டி வச்சிருக்கினம்."

மாரி மழை பிடித்து மகாவலி கலங்கி ஓடத் தொடங்கிய நாட்களில் ஹென்றிக் தன் திறப்பைத் தானே நிறுத்தி, ஒரே வரியில் அறிவித்தார். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. அன்றைக்கு மத்தியானம் சத்தியபாமா புதுத் திறப்பை ஏற்றுக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டை மேசையிலேயே விட்டுவிட்டு, ஹென்றிக்கின் பழைய வெளியீடுகளை முதலாவதில் இருந்து சோதிக்க உட்கார்ந்தாள். இவ்வளவு பிடிவாதத்தை வைத்துக்கொண்டு இவளுக்கு எங்கே மாப்பிள்ளை பார்ப்பது என்பது பத்மாதேவியின் தீர்ப்பு. மறுப்பதற்கு ஒழுங்கையில் ஒருவரும் முன்வரவில்லை.