இடக்கால் வாசித்த இசை

உருக்கி ஊற்றிய ஈயம்போல் பசேயிக் ஆறு அசைவற்றுக் கிடக்க, அமெரிக்க நாட்டு நூவர்க் நகரின் செங்கல் மனைகள்மேல் குளிர்காலத்து முதல் மேகங்கள் தாழ்ந்து படிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், செவிச்செல்வம் வாய்ந்தோரே, தாடியஸ் காஸ்கின்ஸ் எஞ்சிய வலக்காலோடும் இரண்டு ஊன்றுகோல்களோடும் தன் தமையன் லின்வுட்டின் வாயிலில் வந்து நின்றான். தேவாலயத் தொழுகை முடிந்து திரும்பிய பெண்டிர் தம் அகன்ற தொப்பிகளைக் காற்றுக்குப் பறிகொடாமல் பற்றியவாறே அவனைக் கண்டு இரங்கிக் கடந்தனர்.

பன்னிரண்டாம் அகவையில் ஆர்கன் என்னும் இசைப்பேழையின் முன் அமர்ந்தவன், அறுபது கடந்தும் மனத்தால் அங்கிருந்து எழவில்லை. ஜாஸ் இசையே அவனுக்கு உணவு, அதுவே உறக்கம். இரு கைகளும் மேலே பண் நெய்ய, இடக்கால் கீழே மிதிகட்டைகளில் நடந்து அடியிசையைத் தாங்கும். இளமையில் அவ்வடியிசையைத் தாங்கியவன், பேஸ் என்னும் ஆளுயர நரம்புக்கருவியோடு அருகே நின்ற லின்வுட். புகழின் வெறி தலைக்கேறிய ஒருநாள் தாடியஸ் நிறைந்த அவையில், "எனக்குத்தான் இடது கால் இருக்கே, அண்ணன் எதுக்கு?" என்றான். அவை சிரித்தது, லின்வுட்டும் சிரித்தான். மறுநாள் அவன் வரவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் நகரப் பேருந்தை ஓட்டினான்.

பின்னர் நீரிழிவு வந்தது; இடக்கால் கட்டைவிரலில் ஆறாப் புண் வந்தது. விரலை எடுத்துவிடலாம் என்றார் மருத்துவர். மிதிகட்டையை மறக்க மாட்டாத தாடியஸ் இரண்டு திங்கள் மறைத்து வாசித்தான். "எனக்கு உன் ஆர்கன் வேணாம்யா, நீ வேணும்!" என்று மனைவி எர்லின் அலறி இழுத்துச் சென்றபோது, விரலோடு போயிருக்க வேண்டியது முழங்கால்வரை போயிற்று.

லின்வுட்டின் கதவு திறந்தது. அடுப்பில் பன்றிக்கால் இட்ட அவரை வெந்துகொண்டிருந்தது.

"கால் போனப்புறம்தான் அண்ணன் நெனப்பு வந்துச்சாக்கும்?" என்றான் லின்வுட்.

"ஆமாண்ணே. பொய் சொல்ல வரல. கீழ ஒண்ணுமே இல்லாம வாசிக்க முடியல. நீ வா."

"அந்தப் பேஸை அந்த வாரமே பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துட்டேன்டா."

"வேற ஒண்ணு வாங்கலாம்."

லின்வுட் தட்டில் அவரையை ஊற்றி, சோளரொட்டியைப் பிட்டு வைத்தான். "உக்காரு, சாப்பிடு. எப்ப பசிச்சாலும் வா. அதை மட்டும் கேக்காதே."

தாடியஸ் உண்டான், ஊன்றுகோல் ஊன்றி வீடு மீண்டான்.

"மன்னிச்சுக்கன்னு சொன்னியா?" என்று எர்லின் வினவினாள்.

இசையைக் கேட்கச் சென்றவன், கேட்டிருக்க வேண்டிய ஒன்றை மறந்தே போயிருந்தான். அடுத்த ஞாயிறு செல்வோம் என்றான். அடுத்த ஞாயிறு பனி கொட்டியது. அதற்கடுத்த ஞாயிறு நாணம் தடுத்தது. புண்ணை மறைத்த அதே நெஞ்சு, இதையும் நாள் கடத்தியது. மாசியில் ஒரு காலை, லின்வுட் நாற்காலியிலேயே உயிர்நீத்தான் என்று தொலைபேசி சொல்லிற்று.

"இடது கையால அடியிசையை வாசிச்சுக்கலாமே, எத்தனை பேர் வாசிக்கறாங்க!" என்று தோழர் வற்புறுத்தினர். இயலாதவனல்லன் தாடியஸ், இசையாதவன். ஞாயிறுதோறும் பிற்பகலில் அவை நடுவே பேழைமுன் அமர்ந்து, மேலே பண் மட்டும் எழுப்பி, கீழே அடியிசை நிற்க வேண்டிய இடத்தை வெறிதே விட்டு வாசித்தான். ஈதொரு புதுநெறி என்று இளையோர் வியந்து கைதட்டினர். அவர்கள் புதுமை என்று கேட்டது, உரிய நாளில் சொல்லப்படாத ஒரு சொல்லின் வெறுமை; அதனை அறிந்தவன் அவ்வவையில் அவன் ஒருவனே. தலை தாழ்த்தி அக்கைதட்டலை ஏற்றான். ஏற்ற ஒவ்வொரு முறையும் நாணினான்.