மந்திரித்த பெட்டிக் கேமரா

முருகேஸ்வரி டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த அந்த வாரமே ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கெல்லாம் பைத்தியம் பிடித்துவிட்டது. பிடிக்காமல் என்ன செய்யும்? வெள்ளிக்கிழமை தோறும் கடைசி மணியில் போட்டோ வகுப்பு என்று அறிவித்துவிட்டார். பாம்பனில் அதுவரை போட்டோ என்றால் கல்யாணத்துக்கு ஒன்று, இழவுக்கு ஒன்று, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுப்பார்களாம்! நான் பெஞ்சிலிருந்து எழுந்து குதித்தேன். குதித்ததற்குக் குட்டும் வாங்கினேன்.

"ரொம்பக் குதிக்காத லூர்து மேரி. கேமரா அவங்கவங்கதான் கொண்டு வரணும். விலை கூடுனது வேண்டாம், இருக்கிறதுலயே லேசானது போதும். ஆனா முத சுருள்ல ஒரு படமாவது தெளிவா விழுகணும். திங்கக்கிழமை சுருளக் கொண்டாங்க, நானே கழுவித் தாரேன். விழுகாதவங்க தையல் வகுப்புக்குப் போயிரணும்" என்றார் டீச்சர்.

தையல் வகுப்பு உலகம்மாள் டீச்சருடையது. அவர் விரலில் பித்தளைத் தொப்பி மாட்டியிருப்பார். ஊசி குத்தாமலிருக்கத்தான் அது. ஆனால் ஊசியைவிட எங்கள் மண்டையில்தான் அதற்கு வேலை அதிகம். எனக்கோ நேராக ஒரு தையல் போட வராது. போட்டோ வகுப்பு கிடைக்காவிட்டால் வருஷம் முழுக்க என் தலை அந்தப் பித்தளைக்குத்தான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய் எங்கள் அய்யாவிடம் சொன்னேன். அய்யா மரியதாஸ் கடற்கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை.

"வாங்கிருவோம். ஆனா நாந்தான் பாத்து எடுப்பேன். வள்ளம் வாங்கத் தெரிஞ்சவனுக்கு ஒரு பொட்டி வாங்கத் தெரியாதா?" என்றார்.

அங்கேதான் பிடித்தது சனியன். வள்ளம் வாங்குவதென்றால் எங்கள் தெற்குவாடியில் ஒருத்தராகப் போய் வாங்கிவர மாட்டார்கள். பங்குக்காரர் வரவேண்டும், வீட்டம்மா வரவேண்டும். ஆக, சனிக்கிழமை காலையில் அய்யா, அம்மா யாகப்பம்மாள், வள்ளத்தில் பாதிப் பங்கு வைத்திருக்கும் பெஞ்சமின் மாமா, பின்னால் நான் என்று ஊர்வலமாகக் கிளம்பினோம். அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கால் தரையில் நிற்கவில்லை.

ரயிலடிக்குப் பக்கத்தில் ஜெய்னுலாபுதீன் பாயின் கடை. கப்பலில் கொழும்பிலிருந்து வரும் பழைய சாமான்கள் அத்தனையும் அங்கே கிடைக்கும். பாய் மூன்று கேமராக்களை எடுத்து மேசையில் வைத்தார்.

முதலாவதைப் பார்த்ததுமே எனக்கு மூச்சு நின்றுவிட்டது. ஒரு பொத்தானை அமுக்கினால் முன்பக்கம் திறந்து, உள்ளிருந்து ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாகக் கறுப்புத் தோல் நீண்டு வந்தது. அதன் நுனியில் பளபளவென்று கண்ணாடி. அடேயப்பா! அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தால் ஒருத்தியும் சோறு தின்ன மாட்டாள். இரண்டாவது உள்ளங்கையில் அடங்கும் பொடிசு. மூன்றாவது வெறும் கறுப்புப் பெட்டி. சோப்புப் பெட்டிக்குக் கைப்பிடி வைத்தது போல இருந்தது, ஒரு மூலை நசுங்கி வேறு.

"பழசுன்னாலும் எல்லாம் விலை சகாயந்தான். மூணும் ஒண்ணுக்கொண்ணு பெரிய வித்தியாசமில்ல" என்றார் பாய்.

அய்யா வேலையைத் தொடங்கினார். ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். மோந்து பார்த்தார். பெஞ்சமின் மாமா பொடிசைக் கையில் தூக்கி எடை பார்த்தார்.

"ஏலே மச்சான், இது ஆகாது. தண்ணிக்குள்ள விழுந்தா ஒரு சீலா மீனு முழுங்கிட்டுப் போயிரும்."

"கேமராவை எதுக்கு மாமா தண்ணிக்குள்ள போடப்போறேன்?" என்று கத்தினேன். யாரும் காதில் வாங்கவில்லை.

துருத்திக் கேமராவை நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "அய்யா, இதுதான்! இதை விட்டா எனக்கு வேற வேண்டாம்!"

அய்யா பாயைப் பார்த்தார். பழைய வள்ளம் வாங்கும்போது கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"இது யாரு கையில இருந்துச்சு பாய்? ராசி எப்படி?"

பாய் தாடியைத் தடவினார். எனக்காக ஒரு பொய் சொல்லக் கூடாதா அந்த மனுஷன்? "நாளைக்கு அல்லாஹ்வுக்கு நான்ல பதில் சொல்லணும், மரியதாஸ். இது பரமக்குடிப் பக்கம் ஒரு போட்டோக்காரர்ட்ட இருந்துச்சு. அவருக்குப் பெரும்பாலும் இழவு வீட்டு வேலைதான். செத்தவுகள நாக்காலியில சாச்சு வச்சு எடுப்பாகள்ல, அதெல்லாம் இதுலதான்."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டு என் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கி, நண்டைப் போடுவது போல மேசையில் போட்டாள். "ஆத்தாடி! பொணம் பாத்த கண்ணு. எம்பிள்ளையையா இது பாக்கணும்?"

"அப்ப இந்தப் பெட்டி?" என்றார் அய்யா.

"இது கொழும்புல ஒரு மருத்துவச்சி அம்மா வச்சிருந்தது. தான் பேறு பாத்த பிள்ளைகளையெல்லாம் இதுல பிடிச்சு வைப்பாகளாம். பூராவும் பச்சப்பிள்ள படந்தான்."

அவ்வளவுதான். அய்யா முகம் மலர்ந்துவிட்டது. அம்மா முகமும் மலர்ந்துவிட்டது. பெஞ்சமின் மாமா பெட்டியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு அழுகையும் கோபமும் முட்டிக்கொண்டு வந்தன. "எனக்கு வேண்டியது கேமரா, மருத்துவச்சி இல்ல!" என்று காலை உதைத்தேன்.

"தாயி, ஒரு தடவ மேல இருந்து குனிஞ்சு பாரு" என்று பாய் பெட்டியை என் இடுப்புக்கு நேராகப் பிடித்தார். பெட்டியின் தலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடி. வேண்டாவெறுப்பாகக் குனிந்தேன். உள்ளே எங்கள் அய்யா நின்றார்! கட்டைவிரல் உயரத்தில், மீசையோடு, தோள் துண்டோடு. அவர் இந்தப் பக்கம் நகர்ந்தால் கண்ணாடிக்குள் அந்தப் பக்கம் போனார். அவரைப் பிடிக்க நான் பெட்டியைத் திருப்பினால் ஒரேயடியாகத் தப்பி ஓடினார். "அய்யா, நில்லுங்க! அய்யோ, ஓடுறாகளே!" என்று கடைக்குள்ளே அவரைத் துரத்தினேன். ஒரு மண்ணெண்ணெய் விளக்கு உருண்டது. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

"இதுதான் வேணும்" என்றேன்.

வெளியே அம்மாவும் மாமாவும் யார் தூக்கிவருவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, பாய் படச்சுருளை மாட்டி என்னிடம் மட்டும் சொன்னார்: "எட்டுப் படம் வரும். முடியிற வரைக்கும் முதுகுப் பக்கத்தத் திறந்துறாத தாயி. வெளிச்சம் பட்டா சுருளு செத்துப்போகும்." நான் தலையாட்டினேன். அதை அம்மாவிடமும் சொல்லவேண்டும் என்று எனக்கெப்படித் தெரியும்?

வழியிலேயே ஒரு படம் எடுக்கக் கை துறுதுறுத்தது. அய்யா விடவில்லை. "மந்திரிக்காம எந்த வள்ளமாச்சும் கடல்ல இறங்கியிருக்கா? நாளைக்குப் பூசை முடியட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பெட்டியை ஒரு முக்காலியில் வைத்து, வெள்ளைத்துணி விரித்து, பூவும் வைத்துவிட்டார்கள். பங்குச் சாமியார் வந்தார். வள்ளம், வலை, மாடு, கிணறு என்று எவ்வளவோ மந்திரித்தவர், இதைப் பார்த்து ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு செபம் சொல்லித் தீர்த்தத்தை மேலே தெளித்தார். நான் கண்ணை மூடிச் சிலுவை போட்டேன். அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன்.

"சாமி, உள்ள தெளிக்கலையே!" என்றாள் அம்மா.

வள்ளத்துக்கு அப்படித்தான் செய்வார்கள். வெளியே தெளித்தபின், பலகையைத் தூக்கி உள்ளேயும் தெளிக்க வேண்டும். உள்ளே ஆசீர்வாதம் இறங்காத வள்ளத்தில் எங்கள் ஆட்கள் கால் வைக்க மாட்டார்கள். நான் கண்ணைத் திறப்பதற்குள் அம்மா கொக்கியைக் கண்டுபிடித்து, நல்ல வெயிலில், கேமராவின் முதுகைப் பப்பரப்பே என்று திறந்துவிட்டாள். சாமியும் மனது நிறைய உள்ளே தெளித்தார்.

"மூடுங்க! மூடுங்க! செத்துச்சு! எல்லாம் செத்துச்சு!"

சாமியார் கையைத் தட்டிவிட்டு நான் பெட்டியின் மேல் விழுந்தேன். கோயில் வாசல் முழுக்கத் திகைத்து நின்றது. "சாமி முன்னாடியா கத்துற?" என்று அய்யா கையை ஓங்கினார். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். வெளிச்சம், சுருள், டீச்சர், பித்தளைத் தொப்பி எல்லாம். அய்யா கை அப்படியே இறங்கியது. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"எம்புள்ள படிப்புல நானே மண்ண அள்ளிப் போட்டுட்டேனே" என்று அவள் அழ ஆரம்பித்தபோதுதான், சாமியார் மெல்லக் கேட்டார்: "பூராவுமா செத்துச்சு? சுருளு இறுக்கமாத்தான சுத்தியிருக்கு? அடியில இருக்கிறது பிழைச்சிருக்காதா?"

பிழைத்திருக்கலாம்! புதுச் சுருள் வாங்க வழியில்லை, பாய் கடை ஞாயிறன்று பூட்டு, நாளை திங்கள். இருக்கிறதை எடுத்துப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். அப்புறம் கடற்கரையில் நடந்த கூத்தை என்ன சொல்ல! அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு விறைப்பாக நின்றாள், தும்மிவிட்டாள். பெஞ்சமின் மாமா ஒரு திருக்கை மீனை மார்போடு தூக்கிப் பிடித்தார், அது வாலால் அவர் வேட்டியை உருவியது. நான் அமுக்கும்போதெல்லாம் வயிறு குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தேன். எத்தனையாவது படம் என்று காட்டும் பின்பக்கத்துச் சிவப்புக் கண்ணாடியில் எட்டு வந்து நின்றபோதுதான் சிரிப்பு நின்றது. இன்னும் ஒன்றுதான்.

"தாயி, நான் ஒண்ணு அமுக்கவா?" என்றார் அய்யா.

அடியில் இருக்கிறதுதான் பிழைக்கும் என்றால் இந்தக் கடைசிப் படம்தான் என் உயிர். இதைப் போய் இவரிடம் கொடுப்பதா? ஆனால் அய்யா சின்னப்பிள்ளை மாதிரி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நின்றார். என் வாழ்நாளில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. பெட்டியை நீட்டினேன். நீட்டிய கையோடு வாயையும் திறந்தேன்.

"இடுப்போட ஒட்டிப் பிடிங்க! சூரியன் முதுகுக்குப் பின்னால இருக்கணும்! இங்கன இல்ல, அங்கன நில்லுங்க! நான் நடுவுல வந்துட்டேனா? மூச்சப் பிடிச்சுக்கிட்டு மெதுவா அமுக்குங்க! ஆடுனீங்க, கொன்னுருவேன்!"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே டிக் என்று சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை முருகேஸ்வரி டீச்சர் சுருளைக் கழுவி ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். முதல் படங்கள் பூராவும் அண்டங்காக்காய்க் கறுப்பு. அம்மாவும் ஆசீர்வாதமும் செய்த வேலை. அடுத்தவை எல்லாம் ஒரே குலுக்கல். திருக்கைக்கு மூன்று வால் இருந்தது, மாமாவுக்கு முகமே இல்லை. அது நான் செய்த வேலை. கடைசி ஒன்றை மட்டும் டீச்சர் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். இருட்டறைக்குக் கூட்டிப்போய்த் தாளில் அச்சிட்டார். மருந்துத் தண்ணீர்த் தட்டில் மெள்ள மெள்ள நான் வந்தேன். பின்னால் கடல், வள்ளத்தின் மூக்கு, என் கம்மல்கூடத் தெரிந்தது.

"அருமையா விழுந்திருக்கு. யாரு எடுத்தது?"

படத்தில் நானே இருக்கிறேன், பொய் சொல்லக்கூட வழியில்லை. "எங்க அய்யா, டீச்சர்" என்றேன். மண்டையில் பித்தளை விழும் சத்தம் இப்போதே கேட்டது.

"உங்க அய்யாவுக்கு இதுக்கு முன்னாடி கேமரா பழக்கமா?"

"இல்ல டீச்சர். வலையும் வள்ளமுந்தான்."

டீச்சர் படத்தை மறுபடி பார்த்தார். அதில் நான் ஒரு கையை நீட்டி, விரலைக் காட்டி, அண்ணாக்குத் தெரிய வாயைத் திறந்திருந்தேன். "இதுல என்னத்த இந்தக் கத்துக் கத்திக்கிட்டிருக்க?"

ஒன்று விடாமல் ஒப்பித்தேன். இடுப்போடு ஒட்டிப் பிடிப்பது, சூரியன், நடு, மூச்சு எல்லாம். கடைசியில், தயங்கித் தயங்கி, 'கொன்னுருவேன்' என்பதையும் சொன்னேன். டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"முத மாசம் நான் நடத்த வேண்டிய பாடத்த ஒரே மூச்சுல நடத்தியிருக்கியே, புள்ள! எடுக்கச் சொல்லிக் கொடுத்தவளுக்கு இடமில்லன்னா யாருக்கு இடம்? வெள்ளிக்கிழமை வந்துரு. ஆனா எடுக்கும்போது சிரிச்ச, நானே கொன்னுருவேன்."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று கேட்காதீர்கள், பறந்துதான் வந்திருப்பேன். அம்மா படத்தைச் சவேரியார் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, உள்ளே தீர்த்தம் தெளித்ததால்தான் இவ்வளவு நன்றாக விழுந்தது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். மறுத்துப் பேச எனக்குத் தைரியமில்லை. அய்யா படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"யாத்தே, இன்னும் சத்தம் கேக்குது" என்றார்.

அவரைக் கட்டிக்கொண்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றிலிருந்து ஒவ்வொரு சுருளிலும் கடைசிப் படம் அய்யாவுக்கு என்று ஒதுக்கிவிட்டேன். ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன அந்தப் படங்கள். அத்தனையிலும் நான் வாயைத் திறந்துகொண்டுதான் நிற்கிறேன்.