அணைத்த மோட்டாரின் சத்தம்

மோட்டாரை அணைத்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. வாங்க வந்தவர் குனிந்து மோட்டாரின் முதுகில் கை வைத்திருந்தார். பேரம் படிகிற நேரம், ஈ பறந்தாலும் கேட்கும் அமைதி. அந்த அமைதிக்குள் காலிக் குழாயில் தண்ணீர் இறங்குவது போல ஒரு களக், இன்னொரு களக், அப்புறம் நீளமாக ஒரு கொர்ர்ர்.

வந்தவர் தலையைத் தூக்கினார். "அணைச்ச மோட்டார் எப்படிங்க சத்தம் போடும்?"

அது என் வயிறு என்று மோட்டார்க்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பழைய மோட்டார் விற்றே தலை நரைத்த மனிதர், துருவைக் கூட மெருகு என்று நம்ப வைத்த வாய் அது. அன்றைக்கு எழவில்லை. வந்தவர், "வீட்ல கலந்துக்கிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டினார். அப்படிச் சொல்லிப் போனவர்கள் திரும்பி வந்ததாக அந்தக் கடையின் சரித்திரத்தில் இல்லை.

"என்ன மாமா, உள்ள தனியா ஒரு பம்பு ஓட்டறீங்களா?" என்றான் பின்பக்கம் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக்கொண்டிருந்த மச்சான், அவர் மனைவியின் தம்பி.

மோட்டார்க்காரர் சிரித்தார். சிரிப்பு உதட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை. ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டாரில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, உள்ளே எந்த பேரிங் தேய்கிறது என்று சொல்லிவிடுகிறவர் அவர். வாழ்க்கையில் அவர் உருப்படியாகக் கற்ற பாடம் ஒன்றுதான். நல்ல சரக்கு பேசாது. பேச ஆரம்பித்தது எதுவும் சாக ஆரம்பித்துவிட்டது.

அவர் அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. "வாயுடா, வேற ஒண்ணுமில்ல" என்று சோடாவாகக் குடித்துத் தள்ளினார். குடலில் கட்டி என்று தெரிந்தபோது டாக்டர்கள் அவரிடம் பேசுவதை விட்டுவிட்டு வீட்டாரிடம் பேசத் தொடங்கியிருந்தார்கள். இப்போது தம்பியான இவருக்கும் அதே அடிவயிறு. பாயின் அடியில் யாரோ பந்தை உருட்டுவது போல ஏதோ ஒன்று வலமிருந்து இடம் போகும், இடுப்பெலும்பின் பக்கம் முட்டி நிற்கும், அந்த இடம் உப்பிப் பிடித்துக்கொள்ளும். காற்று பிரிந்தால் உடம்பே இறகாகிவிடும். அந்தச் சுகத்தில் கண் மூடும்போதே, அண்ணனுக்கும் இப்படி விட்டிருக்குமோ என்று தோன்றும். சுகம் அதோடு போச்சு.

இது போதாதென்று ஒரு காலை, கழிவறையில், சிவப்பாக ஒரு இழை. இரண்டாம் முறை பார்க்காமல் தண்ணீரை ஊற்றினார். அதற்கப்புறம் குனிந்து பார்ப்பதையே நிறுத்திவிட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பெஞ்சில் மல்லாந்து சட்டையைத் தூக்கினார். மச்சான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்தான்.

"பிடியை வயித்துல வைடா. நுனியை வச்சுக் குத்திடாதே."

"காதுல நுனியை வச்சா எனக்குக் குத்தும் மாமா" என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அவன் காதையே வைத்தான்.

"என்ன கேக்குது?"

"பஸ் ஸ்டாண்டு. எல்லா வண்டியும் ஒண்ணா கிளம்புது."

"விளையாடாத."

அவன் நிமிர்ந்தான். விளையாட்டு முகத்தில் இல்லை. "மோட்டாரா இருந்தா பிரிச்சுப் பாத்துடலாம்னு சொல்லுவேன்."

பிரித்து என்ற சொல் அவர் அடிவயிற்றில் போய் உட்கார்ந்தது. அவர் பொத்தானைப் போடுவதற்குள் மச்சான் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டான்.

டாக்டரிடம் போகிற அன்று அவர் தட்டைத் தொடவில்லை. முந்தின ராத்திரியும் தொடவில்லை.

"ஏங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் வாங்களேன்."

"வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்காங்க."

யாரும் சொல்லவில்லை. அது தொழில் ரகசியம். தேய்ந்த பேரிங்கில் கெட்டி கிரீஸை அப்பிவிட்டால், வாங்குபவர் நிற்கும் வரை மோட்டார் பூனை நடப்பது போல ஓடும். உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வயிறும் வாயைத் திறக்காது என்று அவர் கணக்குப் போட்டார்.

வயிறு டாக்டரின் மேசை வரை பொறுத்தது. படுத்ததும் குரலெடுத்தது. வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

மகள் வயதுதான் அந்த டாக்டருக்கு. "காலையில சாப்பிடலையாய்யா?"

"இல்லம்மா."

"பசிச்சா இன்னும் ஜாஸ்தியாத்தான் கத்தும். குடல் சாப்பாட்டையும் தண்ணியையும் காத்தையும் தள்ளிக்கிட்டே இருக்கும். அந்தச் சத்தம்தான் இது. காத்து ஒரு வளைவுல மாட்டிக்கிட்டா பிடிக்கும், நகந்தா விடும்." ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "சத்தம் போடுதேன்னு மட்டும் நான் பயப்பட மாட்டேன். வலியில வயிறு கல்லாட்டம் கிடந்து, வச்சுக் கேட்டா ஒண்ணுமே இல்லைன்னா, அப்பத்தான் எனக்குப் பயம்."

மனைவி பெருமூச்சு விட்டாள். கணவரின் மூக்குக்கண்ணாடிக்கூட்டை மடியில் வைத்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். மோட்டார்க்காரர் எழுந்திருக்கப் பார்த்தார். பேரம் படிந்துவிட்டது, சரக்கைக் கட்டிவிடலாம்.

"இருங்க. வீட்ல யாருக்காவது குடல்ல ஏதாவது இருந்துச்சா?"

"இவங்க அண்ணனுக்கு" என்றாள் மனைவி.

"மலத்தோட ரத்தம் போயிருக்கா?"

கேட்காததைச் சொல்லாதே, கேட்டாலும் பாதியைச் சொல்: இதில்தான் அவர் கடை இத்தனை காலம் ஓடியது. "அதெல்லாம்..." என்று தொடங்கினார். டாக்டரின் கை அவர் வயிற்றிலேயே இருந்தது, மோட்டாரின் முதுகில் அவர் வைப்பது போலவே. வீட்டில் கலந்துகொண்டு வருகிறேன் என்று போகிற ஆளின் கை இல்லை அது.

"ஒரு நாள் இருந்துச்சு."

"ஒரு நாள் மட்டுமா?"

"அதுக்கப்புறம் நான் பாக்கல."

திறந்த கண்ணாடிக்கூடு மனைவியின் மடியில் அப்படியே நின்றது. அவள் அவரைப் பார்க்கவில்லை, வயிற்றைத்தான் பார்த்தாள்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை மறுபடி காதில் மாட்டி, இடது பக்கம் கீழே, இடுப்பெலும்பை ஒட்டி வைத்துக் கண்ணை மூடினார். அந்த முகத்தை மோட்டார்க்காரருக்குத் தெரியும். பிரிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது அவரே போட்டுக்கொள்ளும் முகம். கேட்க முடியாதென்று தெரிந்தும் மனைவி தலையைச் சாய்த்து அந்தப் பக்கம் காது கொடுத்தாள். மோட்டார்க்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளும் வாயை மூடு என்று கெஞ்சிய வயிற்றிடம், ஏதாவது சொல்லு, ஒரு வார்த்தை சொல்லு என்று கேட்டுக்கொண்டு கிடந்தார்.