ஒரு மூடி தண்ணீர்

சென்னை போகும் பஸ்ஸில் என் மடியில் இருந்த தண்ணீர் பாட்டிலை நான் இன்னும் திறக்கவில்லை. செஞ்சி தாண்டிவிட்டது.

"குடிம்மா," என்றாள் என் மகள் ஆர்த்தி.

"பஸ் எங்கியாவது நிக்கட்டும்."

"நின்னா, கெளம்பட்டும்னுவ."

மறுநாள் எனக்கு ஆஞ்சியோகிராம். ரத்தக் குழாயில் சாயம் செலுத்தி இதயத்தைப் படம் எடுப்பார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் வேங்கிக்காலில் இருக்கும் டாக்டர் பொறுமையாகச் சொல்லித்தான் அனுப்பினார். "சர்க்கரை இருக்கு, கிரியாட்டினினும் கொஞ்சம் ஜாஸ்தி. அந்தச் சாயம் கிட்னி வழியாத்தான் வெளிய போகணும். காஞ்ச உடம்போட போய்ப் படுக்காதீங்க. முட்டிவலி மாத்திரைய நிறுத்துங்க. தண்ணி குடிச்சிக்கிட்டே போங்க. அங்க டிரிப்ஸும் போடுவாங்க."

அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும். என் அக்கா காசியம்மாளை இதே படத்துக்கு, இதே வழியில், தொண்ணூற்று மூன்றில் நான்தான் அழைத்துப் போனேன்.

பஸ் பயணம் என்றால் எங்கள் வீட்டுப் பெண்கள் முந்தின நாளே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். வழியில் ஒதுங்க இடம் ஏது? "போய்ச் சேந்து குடிச்சிக்கலாம்டி," என்றாள் அக்கா, தன் பச்சைப் புடவையைச் சரிசெய்தபடி. போய்ச் சேர்ந்ததும் வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்னார்கள். தண்ணீர் குடித்தாயா என்று யாரும் கேட்கவில்லை. அது சொல்லவேண்டிய விஷயம் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

சாயம் போன பிறகு அவளுக்குச் சிறுநீர் நின்றுவிட்டது. முகம் ஊதியது. அப்போதுதான் தண்ணீரே கூடாது என்றார்கள். உதடு வெடித்துக் கிடந்தாள். "பிளாஸ்க் மூடியில ஒரு மூடி குடுடி," என்று கடைசிவரை கேட்டாள். கொடுக்க விடவில்லை.

அன்றிலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் எங்கே கேட்டாலும் அந்தக் குரலும் கேட்கும். குழாயடியில் கேட்கும். பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்களுக்கு நீர்மோர் ஊற்றும்போது கேட்கும். டம்ளரை வாயருகே கொண்டுபோனால், அவள் எதிரே உட்கார்ந்து பார்ப்பதுபோல இருக்கும்; கீழே வைத்துவிடுவேன்.

"நீயும் அப்படியே போய்ப் படுக்கப் போறியா?" என்றாள் ஆர்த்தி. அவள் குரல் உடைந்திருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். பாதி பாட்டில். கொஞ்ச நேரத்தில் அடிவயிறு முட்டியது. எழுந்து கண்டக்டரிடம் போனேன்.

"திண்டிவனத்துல நிக்கும்மா."

"அதுவரைக்கும் தாங்காது."

"வீட்லயே போய்ட்டு வர்றதுதானே?"

"வீட்லயும் போனேன். திரும்பியும் போவேன். டாக்டர் குடிக்கச் சொல்லியிருக்காரு."

யாரோ சிரித்தார்கள். ஆனாலும் கண்டக்டர் விசில் ஊதினார். ஒரு கருவேலம் புதர் ஓரம் பஸ் நின்றது. நான் இறங்கியதும் பின்னாலேயே நான்கைந்து பெண்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அவசரமாக இறங்கினார்கள். எல்லோரும் அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

புதருக்கு அந்தப் பக்கம் ஒரு பச்சைப் புடவையின் ஓரம் தெரிந்தது. எங்களோடு பச்சை கட்டியவர் யாரும் இறங்கவில்லை.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்றார் கண்டக்டர்.

"இன்னும் ஒருத்தி வரணும்," என்றேன்.

அவர் எட்டிப் பார்த்தார். வெளியே யாருமில்லை. ஆர்த்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் நகர்ந்தது.

பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி, சன்னலுக்கு வெளியே சாய்த்தேன். மீதியைக் குடிக்க ஆரம்பித்தேன். குரல் நிற்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டே குடித்தேன்.