மொட்டைமாடி அறையின் தாழ்ப்பாள்

படக்காரர்களுக்கு டோன்யா பெர்லாவின் வீடு முழுவதும் தேவைப்பட்டது. கூடம், சாப்பாட்டு அறை, படுக்கையறைகள், சமையலறை, தோட்டம் எல்லாவற்றுக்கும் ஒரு வார ஒப்பந்தம். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் கேஸ் உருளைகளுக்கும் நடுவே இருந்த வேலைக்காரி அறை மட்டும் வேண்டாம் என்றார்கள். படத்தில் ஒரு வேலைக்காரி வருகிறாள். ஆனால் அவள் தூங்கும் காட்சி எதுவும் இல்லை.

அந்த அறை நிக்கனோராவுடையது. அவள் மலையிலிருந்து இறங்கி மெக்சிகோ நகரத்துக்கு வந்து இந்த வீட்டில் சேர்ந்தபோது ஐயா உயிரோடிருந்தார், மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். இப்போது ஐயா இல்லை. மகன் மோந்தெர்ரே நகரத்தில். பணக்காரர்கள் வாழும் போலாங்கோ பகுதியில் இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிக் காப்பது டோன்யா பெர்லாவுக்குச் சிரமம்தான். அதனால்தான் வாடகைக்கு விட்டார். வெளியில் மட்டும், "கலைக்கு நம்மால ஆனது," என்று சொல்லிக்கொண்டார்.

ஒரு வாரம் தங்கை வீட்டுக்குப் போயிருக்கலாம். தங்கையோடு பேச்சுவார்த்தை இல்லை. ஓட்டலுக்குப் போனால் கூடத்துக் கண்ணாடி விளக்கை யார் பார்த்துக்கொள்வது? ஆகவே திங்கட்கிழமை காலை, கையில் நகைப்பெட்டியோடு, இரும்புச் சுழற்படிகளில் மூச்சு வாங்க ஏறி வந்தார். பகலில் மேலே உட்கார்ந்துகொள்வது, படக்காரர்கள் கிளம்பியதும் கீழே இறங்கித் தூங்குவது என்று ஏற்பாடு.

அந்த அறைக்கு அவர் புதியவர் இல்லை. ஆனால் வந்தபோதெல்லாம் கதவைத் திறந்து வாசலில் நின்று, "இஸ்திரிப் பெட்டி எங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். உள்ளே உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"என்ன நிக்கா, இங்க ஒரு ஃபேன் கூட இல்லையா?"

"இல்லீங்க, சென்யோரா."

"இந்தப் புழுக்கத்துல எப்படித்தான் தூங்கற?"

"கண்ணை மூடிக்கிட்டு."

டோன்யா பெர்லா அவளை ஒரு பார்வை பார்த்தார். நிக்கனோரா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கதவைத் திறப்பதற்கு முன் யாரும் தட்டியதில்லை. அதற்கு உள்பக்கம் தாழ்ப்பாளும் இல்லை. டோன்யா பெர்லா தட்டமாட்டார். ஐயா தட்டியதில்லை. மகனின் நண்பர்கள் கழிப்பறை தேடி வந்தால்கூட நேராக உள்ளேதான் வருவார்கள். ஒருமுறை நிக்கனோரா குளித்துவிட்டுத் துண்டோடு நின்றபோது கேஸ்காரர் கதவைத் திறந்தார். "'மேல போய் நேரா உள்ள பாருங்க'ன்னு சென்யோராதான் சொன்னாங்க," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. அன்றைக்கே அவள் தாழ்ப்பாள் கேட்டாள். மறுவருடமும் கேட்டாள்.

"என் வீட்டுல யாருக்குப் பயந்துக்கிட்டு நீ தாழ்ப்பாள் போடணும்? நாம எல்லாம் ஒரே குடும்பம் இல்லையா?" என்று டோன்யா பெர்லா முடித்துவிட்டார்.

பிறகு நிக்கனோரா கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தாள். திருகாணிகளோடும் திருப்புளியோடும் அது மேசை இழுப்பறையில் கிடந்தது. மாட்டும் துணிச்சல் அவளுக்கு ஏன் அதுவரை வரவில்லை என்று கேட்டால் சரியான பதில் சொல்ல முடியாது. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

படத்தின் கதையை உலிசெஸ் என்ற இளம் இயக்குநர் முதல் நாளே அவளிடம் சொல்லியிருந்தான். ஒரு பணக்காரியும் அவள் வேலைக்காரியும் சண்டை போட்டுக்கொண்டே இணைபிரியாத தோழிகள் ஆகிவிடுகிறார்கள்.

"வயிறு வலிக்கச் சிரிப்பீங்க, அக்கா."

"எப்போ தோழி ஆகறாங்க?"

"சமையலறையில ரெண்டு பேரும் மாவை அள்ளி மூஞ்சில அடிச்சுக்கறாங்க பாருங்க, அப்போ."

"அப்புறம் அந்த மாவை யாரு கூட்டறது?"

உலிசெஸ் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவேண்டியிருந்தது. அன்று மாலை கூட்டியது அவள்தான்.

செவ்வாய்க்கிழமை மாவுக்கு அடுத்த காட்சி. வீட்டின் நடுவே வெளிச்சத்துக்காக விட்டிருந்த திறப்பின் ஓரத்தில் நின்றால் சமையலறை தெரியும். டோன்யா பெர்லா கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். பணக்காரியாக நடிப்பவளும் வேலைக்காரியாக நடிப்பவளும் தரையில் உட்கார்ந்து ஒரே கோப்பையில் மாற்றி மாற்றிக் காப்பி குடித்தார்கள். ஒவ்வொரு முறையும் ஏதோ கெடுத்தது. ஒருமுறை தெருவில் பழைய மெத்தை, பழைய அடுப்பு வாங்கும் வண்டி ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போனது. மறுபடி முதலிலிருந்து குடித்தார்கள்.

"நிக்கா! அந்த நீலக் கோப்பை... அது உன்னோடது இல்ல?"

அவளுடையதுதான். விளிம்பில் எனாமல் பெயர்ந்த கோப்பை. அந்த வீட்டில் அவள் தட்டும் கோப்பையும் கரண்டியும் அலமாரியின் கீழ்த்தட்டில் தனியாக இருக்கும், மற்றவற்றோடு சேராது. பார்க்க அழகாக இருக்கிறது என்று படக்காரன் ஒருவன் அதைத்தான் எடுத்திருந்தான்.

"ஐயோ, அந்தப் பொண்ணு அதுல வாய வெச்சுக் குடிக்கறாளே!"

"பயப்படாதீங்க, சென்யோரா. அதுல குடிச்சு இதுவரைக்கும் நான் சாகல."

டோன்யா பெர்லா திறப்பிலிருந்து தலையை இழுத்துக்கொண்டார்.

தொல்லை புதன்கிழமை முற்றியது. தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்லி ஒருவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். கொஞ்ச நேரத்தில் துணி காயப்போடும் கயிறு கேட்டு ஒரு பெண். மெழுகுவத்தி எரிந்து தீர்ந்த காலிக் கண்ணாடிக் குவளையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த டோன்யா பெர்லா இரண்டு முறையும் திடுக்கிட்டு மேலே ஊற்றிக்கொண்டார்.

"இதுங்களுக்குத் தட்டத் தெரியாதா? சந்தைக்கடையா இது?"

நிக்கனோரா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மதியம் தகரக் கூரை கொதித்தது. டோன்யா பெர்லா காலணியைக் கழற்றினார். இடுப்புப் பட்டையைத் தளர்த்தினார். பிறகு, "அந்தப் பக்கம் திரும்பு," என்றார். நிக்கனோரா சுவரைப் பார்த்துத் திரும்பினாள். ஆனால் சுவரில் கண்ணாடி மாட்டியிருந்தது. அந்தக் கண்ணாடியில், இத்தனை வருடமும் அவள் பார்த்த செம்பட்டைக் கொண்டை முழுதாகக் கழன்று மேசைமேல் உட்கார்ந்தது. தலையில் மிஞ்சியது பஞ்சு போல நாலு வெள்ளை முடி.

அப்போதுதான் தோளில் கம்பிச் சுருளோடு லைட் பையன் கதவைத் திறந்தான்.

டோன்யா பெர்லா போட்ட அலறலில் பையன் கம்பியைப் போட்டுவிட்டு ஓடினான். கீழே அதே காட்சியை மறுபடி எடுக்க, ஒரே கோப்பையில் குடித்துக்கொண்டிருந்த இருவரும் சிந்தினார்கள். "கட்! யாருப்பா அது?" என்று உலிசெஸ் கத்தினான்.

"கதவைச் சாத்து! தாழ்ப்பாளைப் போடு!" இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு டோன்யா பெர்லா கத்தினார்.

"தாழ்ப்பாள் இல்லீங்க."

"ஏன் இல்ல?"

நிக்கனோரா கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். எத்தனையோ இரவுகள் இந்தக் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுத் தூங்கியிருக்கிறாள்.

"ரெண்டு தடவை கேட்டேன். வேணாம்னீங்க."

நிக்கனோரா இழுப்பறையைத் திறந்து தாழ்ப்பாளை எடுத்துக் காட்டினாள்.

"வெச்சிருக்கியா? அப்போ போடேன்டி, என்ன பார்த்துக்கிட்டு நிக்கற!"

"போட்டா கழட்டமாட்டேன்."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"இப்பவே பேசிக்கலாம், சென்யோரா. படம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறமும் இது இங்கதான் இருக்கும். யாரு வந்தாலும் தட்டணும். நீங்களும்."

இரும்புப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒருவர் இல்லை, இரண்டு மூன்று பேர். கம்பியை எடுக்க வருகிறார்கள் போலும்.

"சரி! சரிங்கறேன்ல! போடு!"

டோன்யா பெர்லா ஒரு கையால் தாழ்ப்பாளைக் கதவோடு அழுத்திப் பிடித்தார், மறு கையால் கொண்டையைத் தலையில் கோணலாக அமுக்கிக்கொண்டார். நிக்கனோரா நிதானமாகத் திருகாணிகளை முடுக்கினாள். வெளியே யாரோ கதவைத் தள்ளினார்கள். கதவு அசையவில்லை.

வெள்ளிக்கிழமை படக்காரர்கள் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சனிக்கிழமை காலை, சமையலறையில், கொண்டை ஒரு முடி கலையாமல், டோன்யா பெர்லா சொன்னார்:

"நிக்கா, அந்தத் தாழ்ப்பாளைக் கழட்டிடு. கேஸ் கசிஞ்சா, தீப்பிடிச்சா, உள்ள மாட்டிக்குவ. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"கழட்டமாட்டேன்னு சொன்னேனே."

"இது என் வீடு!"

"வீடு உங்களோடதுதான். தூங்கறது நான். தாழ்ப்பாள் போகணும்னா நானும் போறேன், சென்யோரா. சாயங்காலம் ஊருக்கு பஸ் இருக்கு."

டோன்யா பெர்லாவின் கை தன்னையறியாமல் கொண்டையைத் தொட்டது. அதைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். நிக்கனோராவுக்கு அது தெரியும். சொல்லவில்லை. அந்த வழியில் கிடைக்கும் தாழ்ப்பாள் அவளுக்கு வேண்டாம். நீலக் கோப்பையைக் கழுவினாள். கீழ்த்தட்டைத் தாண்டி, மேல்தட்டில், மற்ற கோப்பைகளின் பக்கத்தில் கவிழ்த்தாள். டோன்யா பெர்லா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வெளியே போனார்.

மத்தியானம் நிக்கனோரா மேலே போய்க் கதவைத் தாழிட்டுப் படுத்தாள். தூக்கம் வரவில்லை. பையை இறக்கித் துணியை அடுக்க ஆரம்பிக்கலாமா என்று நினைத்தாள். பஸ் பிடிப்பேன் என்று சொன்னது வாய்வார்த்தை இல்லை.

இரும்புப் படியில் காலடி. அந்த மூச்சு வாங்கலை அவளுக்குத் தெரியும்.

கதவு தள்ளப்பட்டது. அசையவில்லை. மறுபடி, கொஞ்சம் பலமாக. அப்புறம் சத்தமே இல்லை. பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. படியிறங்கும் சத்தத்துக்காக நிக்கனோரா காத்திருந்தாள்.

டொக், டொக்.

"யாரு?"

"யாரா? நான்தான்டி!"

"நான்னா யாரு?"

வெளியே ஒரு நீண்ட பெருமூச்சு.

"பெர்லா." பிறகு குரல் தணிந்தது. "பின்பக்கம் கொண்டை ஊசி நிக்கமாட்டேங்குது, நிக்கா. என் கைக்கு எட்டல. சாயங்காலம் சர்ச்சுப் பூசைக்குப் போகணும். வேற யாருகிட்ட நான் கேப்பேன்?"

நிக்கனோரா எழுந்து உட்கார்ந்தாள்.

"ஒரு நிமிஷம் இருங்க, சென்யோரா," என்றாள்.

போர்வையை மடித்து வைத்தாள். தலையை வாரினாள். இரண்டு செருப்பையும் தேடி எடுத்து ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டாள். வெளியே டோன்யா பெர்லா வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அப்புறம்தான் அவள் போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.