எல்லா சிஸ்டத்திலும் ஓடும்

அரூரில் பிளவுஸ் தைக்கும் ஷாஜியா கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் ஒன்றை வாங்கினாள். பேரில்தான் கம்ப்யூட்டர். பென் டிரைவில் டிசைனை ஏற்றிக் கொடுத்தால் அது பாட்டுக்குத் தைக்கும். டிசைனை யார் ஏற்றுவது? அதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது, இலவசம், எல்லா சிஸ்டத்திலும் ஓடும் என்று யூடியூபில் ஒருவன் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான்.

அந்தப் பக்கத்தைப் போனில் திறந்தாள். விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று மூன்று பட்டன்கள் இருந்தன. மூன்றையும் இறக்கிப் பார்த்தாள். டேட்டா தீர்ந்ததுதான் மிச்சம், ஒன்றும் திறக்கவில்லை. அவளிடம் இருந்ததோ அந்தப் போன் மட்டும்தான். "போனுக்கு இல்லையா?" என்று அதை உருவாக்கியவர்களுக்கே எழுதிப் போட்டாள்.

மறுநாள் காவியா வந்து நின்றாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம். பிளவுஸ் முதுகில் மாப்பிள்ளை பெயரைப் பூவேலையில் போட்டுத் தருவதாக ஷாஜியா வாக்குக் கொடுத்திருந்தாள்.

"அக்கா, பேரு போட்டாச்சுங்களா?"

அந்த நேரம் பார்த்துப் போனில் பதில் வந்தது. ஷாஜியா ஆசையாக, சத்தமாகவே படித்தாள்.

"மன்னிக்கவும், போனுக்கு இல்லை. ஆனால் எங்கள் மென்பொருளின் நிரல் எல்லோருக்கும் பொது. அதை எடுத்து, போனில் ஓடும்படி நீங்களே மாற்றி எழுதிக்கொள்ளலாம்."

கீழே ஒரு சிரித்த முகம் வேறு.

காவியாவின் முகம் மலர்ந்தது. "அப்ப நீங்களே எழுதிடுங்கக்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிடுமில்லீங்க?"